டி-அலனினாக வேடமிட்ட மருந்து: சைக்ளோசெரீன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

காசநோய்க்காகக் கொடுக்கப்படும் மருந்து ஒன்று நோயாளிகளின் மனநிலையை மாற்றுகிறது என்று 1959இல் ஜார்ஜ் கிரேன் என்ற மனநல மருத்துவர் எழுதினார். அதே மருந்து, கண்நோயும் பாலுறவுத் தொற்றும் போன்றவற்றை உண்டாக்கும் கிளமிடியா வகை நுண்ணுயிரிகளின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று 1963இல் ஜேம்ஸ் மோல்டர் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். மனநல மருத்துவ இதழில் வந்தது ஒன்று, பாக்டீரியாவியல் இதழில் வந்தது மற்றொன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க அன்று யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

அந்த மருந்து சைக்ளோசெரீன். மூளையில் அது செய்வதற்கும் கிளமிடியாவிடம் அது செய்வதற்கும் வேர் ஒன்றே என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெளிவாயிற்று. டி-அலனின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்தின் சாயல் அதற்கு இருக்கிறது. அந்தச் சாயலைக் கண்டு பாக்டீரியாவின் நொதியும் ஏமாறுகிறது, நம் மூளையில் வேதித் தூதுகளை வாங்கும் ஏற்பியும் ஏமாறுகிறது. மருத்துவ இதழ்களில் நிகழ்வு ஆய்வு என்றால் படுக்கையில் ஒரு நோயாளி இருப்பார். இங்கே அந்த இடத்தில் ஒரு மூலக்கூறு இருக்கிறது. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், மூளை ஏற்பி ஆராய்ச்சியும் கிளமிடியா ஆராய்ச்சியும் எங்கே உண்மையிலேயே சந்திக்கின்றன, எங்கே சந்திப்பதுபோல் தோற்றம் மட்டும் தருகின்றன என்பதைப் பிரித்துப் பார்க்கலாம்.

மண்ணிலிருந்து மாத்திரைக்கு

மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்திலிருந்து 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததும், மருந்து நிறுவனங்கள் மண்ணைச் சலித்துத் தேடத் தொடங்கின. அந்த வேட்டையில் 1955ஆம் ஆண்டு ஒரே பொருள் அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்களின் கையில் அகப்பட்டது. மெர்க் நிறுவனத்தார் அதற்கு ஆக்சமைசின் என்று பெயரிட்டார்கள். நிலைத்தது சைக்ளோசெரீன் என்ற பெயர்தான். எலி லில்லி நிறுவனம் அதைச் செரோமைசின் என்ற வணிகப் பெயரில் விற்றது.

மருந்துகளில் இதைவிடச் சிறியவை அரிது. மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். மூலக்கூறு எடை 102. ஐந்து அணுக்களாலான ஒரு வளையம், அதன்மேல் ஓர் அமினோ தொகுதி. அவ்வளவுதான்.

அமினோ அமிலங்களில் இடம்புரி, வலம்புரி என இரு வடிவங்கள் உண்டு. இடது காலுக்குத் தைத்த செருப்பு வலது காலில் ஏறாததுபோல் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. நம் உடலின் புரதங்கள் எல்-வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை. பாக்டீரியாக்களோ தங்கள் செல்சுவரைப் பின்னுவதற்கு டி-வடிவத்தையும் பயன்படுத்துகின்றன. பெப்டிடோகிளைக்கன் எனப்படும் அந்தச் சுவரின் பின்னலில் இரண்டு டி-அலனின்கள் கைகோத்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய இரண்டு நொதிகள் வேண்டும். முதலாவது எல்-அலனினை டி-அலனினாகத் திருப்புகிறது. அடுத்தது இரண்டு டி-அலனின்களை இணைக்கிறது. சைக்ளோசெரீன் இரண்டிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1960வாக்கில் ஜாக் ஸ்ட்ரோமிங்கரும் அவருடைய குழுவினரும் இதை நொதி அளவில் காட்டினார்கள். பென்சிலின்கூட அந்த டி-அலனின் இணையைப் போலத் தோற்றமளித்துத்தான் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது என்ற கருத்தை 1965இல் முன்வைத்ததும் இதே ஸ்ட்ரோமிங்கர்தான். உடன் டொனால்ட் டிப்பர். ஆகவே சைக்ளோசெரீனும் பென்சிலினும் ஒரே தொழிற்சாலையின் இரு வேறு படிகளில் இடறவைக்கும் மருந்துகள். கிளமிடியாவின் கதைக்குப் போகும்போது இந்த உறவு மிகவும் தேவைப்படும்.

காசநோய் விடுதிகளில் தெரிந்தது

சைக்ளோசெரீனுக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல பெயர் இல்லை. நடுக்கம், தூக்கக் கலக்கம், குழப்பம், வலிப்பு, மனப்பிறழ்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம் என மூளையைச் சார்ந்த பக்கவிளைவுகள் அதன் நிழல்போல் வந்தன. அளவு கூடக் கூட அவையும் கூடின. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆபத்து என்பது இன்றும் பின்பற்றப்படும் எச்சரிக்கை.

கிரேன் இதற்கு மறுபக்கத்தைக் கவனித்தார். மன அழுத்தமும் தூக்கமின்மையும் பசியின்மையும் கொண்ட காசநோயாளிகள் சிலர் இந்த மருந்தில் தெளிவு பெற்றதாக அவர் எழுதினார். 1961இல் வெளியான இரண்டாவது கட்டுரையில், நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றுக்குப் புதிய பயன் இருக்கக்கூடும் என்றே சொன்னார். காசநோய் மருந்தில் மனநலத் தடயம் கிடைப்பது அப்போது புதிதல்ல. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் ஐப்ரோனியாசிட் பெற்ற நோயாளிகள் உற்சாகமடைந்ததும், அதிலிருந்து மன அழுத்த மருந்துகளின் ஒரு குடும்பமே பிறந்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. ஐப்ரோனியாசிட்டுக்குக் கிடைத்த வரவேற்பு சைக்ளோசெரீனுக்குக் கிடைக்கவில்லை. ஒரே மருந்து ஒருவரைத் தேற்றுகிறது, மற்றொருவரைச் சித்தம் கலங்க வைக்கிறது என்றால் அதை நம்பி யார் மருந்துச்சீட்டு எழுதுவார்கள்? அதற்கு விளக்கம் சொல்லத் தேவையான மூளை ஏற்பி அன்று கண்டறியப்படவே இல்லை. கிரேனின் அவதானிப்பு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

கிளமிடியாவின் காணாமற்போன சுவர்

நான் இந்த நிகழ்வில் அதிகம் ரசிப்பது இந்தப் பகுதியைத்தான். ஓர் அறிவியல் புதிர் ஐம்பது ஆண்டுகள் தீராமல் இருந்ததும், அதன் விடை எல்லோர் கண்முன்னும் இருந்த ஒரு பழைய மருந்தில் ஒளிந்திருந்ததும் இங்கேதான்.

1907இல் ஜாவாவில் ஹால்பர்ஷ்டேட்டரும் புரோவாசெக்கும் கண்நோயான டிரக்கோமாவின் சுரண்டல்களைச் சாயமேற்றிப் பார்த்தபோது செல்களுக்குள் சிறு திரள்களைக் கண்டார்கள். கிளமிடியா முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான். அதன்பின் பல ஆண்டுகள் அது வைரஸ் என்றே கருதப்பட்டது. காரணம் எளிது. அது மிகச் சிறியது. வேறொரு உயிரின் செல்லுக்குள் மட்டுமே பெருகும். சாதாரண ஆய்வகத் தட்டில் வளராது. சீனாவில் டாங் ஃபெய்ஃபான் குழுவினர் ஸ்ட்ரெப்டோமைசின் துணையோடு அதைக் கோழிமுட்டைக் கருவில் வளர்த்துக் காட்டிய பிறகுதான், 1950களின் பிற்பகுதியில், டிரக்கோமா கிருமியைக் கையில் வைத்து ஆராய வழி பிறந்தது.

அது வைரஸ் அல்ல, பாக்டீரியா என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மோல்டர். அவருடைய ஆயுதங்களில் ஒன்று சைக்ளோசெரீன். வைரஸுக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைக் கெடுக்கும் மருந்து ஒரு கிருமியை நிறுத்துகிறது என்றால் அந்தக் கிருமிக்குச் சுவர் கட்டும் வேலை இருக்கவேண்டும். மோல்டரும் சகாக்களும் 1963இல் காட்டியது இதைவிட ஒரு படி மேல். சைக்ளோசெரீன் கிளமிடியாவின் வளர்ச்சியை நிறுத்தியது. கூடவே டி-அலனினைச் சேர்த்தபோது வளர்ச்சி திரும்பியது. மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி அந்தக் காலத்தில் கிடைத்திருக்க முடியாது. எந்தப் பொருளாக வேடமிட்டு மருந்து உள்ளே நுழைந்ததோ, அந்த அசல் பொருளே வந்ததும் வேடம் கலைந்துவிட்டது.

ஆனால் சுவரைக் காணோம். பெப்டிடோகிளைக்கனின் அடையாளப் பொருளான மியூராமிக் அமிலத்தைத் தேடி ஆய்வகங்கள் பலமுறை முயன்றன. கிளமிடியா டிரக்கோமாட்டிஸில் பென்சிலினைப் பிடிக்கும் புரதங்கள் இருக்கின்றன, கண்டறியத்தக்க மியூராமிக் அமிலம் இல்லை என்று 1982இல் ஓர் ஆய்வு தெளிவாகவே அறிவித்தது. பென்சிலினும் சைக்ளோசெரீனும் தாக்குகின்றன. தாக்கப்படவேண்டிய பொருளோ இல்லை. கிளமிடியா முரண் என்றே இதற்குப் பெயர் ஏற்பட்டது. சுவர் இல்லாத பாக்டீரியாவுக்குப் பென்சிலின் ஏன் ஆகாது என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1993இல் மோல்டர் ஒரு கட்டுரை எழுதினார். தாம் முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய சான்று இன்னும் நடுவழியில் நிற்பதை அவரே பதிவு செய்ததாக அதைப் படிக்கலாம்.

1998இல் கிளமிடியா டிரக்கோமாட்டிஸின் மரபணுத்தொகுதி வெளியானது. சுமார் 10 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 900 மரபணுக்கள். பிற உயிரின் செல்லுக்குள் வாழ்ந்து பழகி, தேவையில்லாத எதையும் உதிர்த்துவிட்ட சிக்கனமான தொகுதி அது. அப்படிப்பட்ட தொகுதியில் பெப்டிடோகிளைக்கன் செய்வதற்கான மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதுமாக இருந்தன. பயன்படாத சாமானை அவ்வளவு கவனமாக எந்த உயிரும் பாதுகாக்காது.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் உண்டு. எல்-அலனினை டி-அலனினாகத் திருப்பும் வழக்கமான நொதிக்குரிய மரபணு மட்டும் அங்கே இல்லை. சைக்ளோசெரீனின் இரண்டு இலக்குகளில் ஒன்று கிளமிடியாவிடம் இல்லவே இல்லை. இரண்டாவது இலக்கான இணைக்கும் நொதி வேறொரு நொதியோடு ஒட்டிப் பிறந்த இரட்டைப் புரதமாக இருந்தது. 2005இல் அந்த இரட்டைப் புரதத்தைத் தனியே எடுத்துச் சோதித்தபோது, அதன் இணைக்கும் வேலையைச் சைக்ளோசெரீன் தடுத்தது. அப்படியானால் டி-அலனின் எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியில் கிளமிடியா நியூமோனியே என்ற நுரையீரலைத் தாக்கும் இனத்தை ஆராய்ந்தவர்கள் 2014இல் ஒரு விடை சொன்னார்கள். செரீன் என்ற அமினோ அமிலத்தைக் கையாளும் வேறொரு நொதி, பகுதிநேர வேலையாக அலனினையும் திருப்பிக் கொடுக்கிறது. அந்த நொதியையும் சைக்ளோசெரீன் தடுத்தது.

அதே 2014இல்தான் சுவரும் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் அந்தோனி மௌரெல்லி, மைக்கேல் வான்நியூவென்ஸி ஆகியோரின் குழுக்கள் ஒரு தந்திரம் செய்தன. தனி டி-அமினோ அமிலத்தில் ஒளிரும் அடையாளத்தைக் கட்டி அனுப்பும் வழக்கமான முறை கிளமிடியாவில் பலிக்கவில்லை. எனவே இரண்டு டி-அலனின்களை முன்கூட்டியே இணைத்து, அந்த இணையின்மேல் அடையாளத்தை ஏற்றி அனுப்பினார்கள். இணைக்கும் நொதியைத் தாண்டி அது நேரே கட்டுமான வரிசையில் சேர்ந்துகொண்டது. நுண்ணோக்கியில் ஒளிர்ந்தது ஒரு மோதிரம். செல் இரண்டாகப் பிரியும் இடுப்புப் பகுதியில் மட்டும் மெல்லிய வளையமாகக் கிளமிடியா தன் பெப்டிடோகிளைக்கனை வைத்திருந்தது. உடல் முழுவதையும் சுற்றிய சுவரைத் தேடியவர்களுக்கு இந்த அளவு சிறிய பொருள் எப்படி அகப்படும்?

பென்சிலின் கொடுத்தால் கிளமிடியா செத்துப்போகாமல் வீங்கி, பிரிய முடியாமல், விநோத உருவில் செல்லுக்குள் காத்துக்கிடப்பதற்கும் இதுவே விளக்கம். பிரிவதற்குத் தேவையான வளையம் கிடைப்பதில்லை. மருந்து விலகியதும் மறுபடி பிரியத் தொடங்கும். இதனால்தான் மருத்துவர்கள் கிளமிடியாத் தொற்றுக்கு டாக்சிசைக்ளினைத் தேர்கிறார்கள். அது புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து. வழக்கமான முறை நாளுக்கு இருமுறை 100 மில்லிகிராம், ஏழு நாள். சைக்ளோசெரீனைக் கிளமிடியாவுக்கு மருந்தாகக் கொடுப்பதில்லை. எளிய, பாதுகாப்பான மருந்து கையில் இருக்கும்போது வலிப்பு வரவைக்கக்கூடிய ஒன்றை எடுக்கத் தேவையில்லை. ஆய்வகத்தில் மட்டும் அது ஒரு கருவியாக நீடிக்கிறது.

மூளையில் அதே வேடம்

இனி மற்றொரு கிளை. நரம்பணுக்களின் சந்திப்புகளில் குளூட்டமேட் என்ற தூதுப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளில் ஒன்று என்எம்டிஏ ஏற்பி. கற்றல், நினைவு, வலிப்பு, பக்கவாதத்தில் நரம்பணுச் சிதைவு என மூளையில் எதை எடுத்தாலும் இதன் பெயர் வரும். இந்த ஏற்பியின் நடுவே உள்ள அயனிக் கால்வாயை இயல்பு நிலையில் மக்னீசியம் அடைத்திருக்கிறது. நரம்பணு ஏற்கெனவே கிளர்ச்சியடைந்திருந்தால்தான் அந்த அடைப்பு விலகும். கால்சியம் உள்ளே பாயும்.

குளூட்டமேட் மட்டும் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1987இல் பாரிஸில் ஜான்சனும் ஆஷரும் எலிகளின் நரம்பணுக்களில் வேறொன்றைக் கண்டார்கள். கிளைசீன் என்ற அமினோ அமிலம் சிறிதளவு இருந்தால் இந்த ஏற்பியின் எதிர்வினை பன்மடங்கு பெருகியது. அது இல்லாமல் ஏற்பி வேலையே செய்வதில்லை என்று அடுத்த ஆண்டே வேறொரு குழு நிறுவியது. ஏற்பியின் ஒரு துணைக்கூறில் குளூட்டமேட் அமர்கிறது, மற்றொரு துணைக்கூறில் கிளைசீன் அமர்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கால்வாய் திறக்கும். அந்தக் கிளைசீன் இருக்கையில் டி-செரீனும் அமரும், டி-அலனினும் அமரும். பாக்டீரியாக்களின் தனிச்சொத்து என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த டி-அமினோ அமிலங்களை நம் மூளை ஏற்பி விரும்பிப் பிடித்துக்கொள்கிறது. டி-செரீனை மூளையே தயாரிக்கிறது என்பது 1990களில் உறுதியானது.

டி-அலனின் அமரும் இடத்தில் அதன் வேடதாரியும் அமரும் அல்லவா? சைக்ளோசெரீன் இந்தக் கிளைசீன் இடத்தைப் பிடித்து ஏற்பியைப் பாதி அளவுக்குத் தூண்டுகிறது என்று 1989இல் ஹூட், காம்ப்டன், மோனஹன் ஆகியோர் அறிவித்தார்கள். கிரேனின் விடுதிக் குறிப்புகளுக்கு அப்போதுதான் வேதியியல் வடிவம் கிடைத்தது. 2003இல் ஃபுருகாவாவும் கூவோவும் அந்தத் துணைக்கூறின் பிணைப்புப் பகுதியைப் படிகமாக்கி, அதற்குள் கிளைசீனும் டி-செரீனும் சைக்ளோசெரீனும் அமர்ந்திருக்கும் தோற்றத்தை அணு அளவில் வெளியிட்டார்கள்.

பாதித் தூண்டல் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. கிளைசீன் குறைவாக உள்ள இடத்தில் சைக்ளோசெரீன் வந்தால், காலியாக இருந்த இருக்கைகள் நிரம்பும். ஏற்பியின் வேலை கூடும். கிளைசீன் நிறைந்திருக்கும் இடத்தில் சைக்ளோசெரீன் மிகுதியாக வந்தால், முழுவேலை செய்யும் கிளைசீனை விரட்டிவிட்டு அரைவேலை செய்யும் தான் உட்கார்ந்துகொள்ளும். ஏற்பியின் வேலை குறையும். ஆகவே 50 மில்லிகிராமில் தூண்டியாகவும் 1000 மில்லிகிராமில் தடுப்பானாகவும் ஒரே பொருள் நடந்துகொள்ளலாம். காசநோய்க்குக் கொடுப்பது நாளுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம். அந்த விடுதிகளில் ஒருவர் தேறியதும் மற்றொருவர் கலங்கியதும் ஏன் என்பதற்கு முழு விடை இது என்று சொல்லமாட்டேன். வைட்டமின் பி6 சார்ந்த நொதிகளையும் சைக்ளோசெரீன் தொந்தரவு செய்கிறது. வலிப்பில் அதற்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது. அதனால்தான் பைரிடாக்சின் எனப்படும் பி6 மாத்திரையைக் கூடவே கொடுக்கிறார்கள். ஆனாலும் அளவு என்ற ஒன்றைப் பார்க்காமல் இந்த மருந்தைப் பற்றி எந்த வாக்கியமும் எழுதக்கூடாது என்பது இதிலிருந்து உறுதி.

சோதனைகள் சொன்னவை

நினைவுக்குத் தேவையான ஏற்பியைத் தூண்டும் மருந்து என்றால் முதலில் மனதில் வருவது ஆல்சைமர் நோய். 1990களில் பல சோதனைகள் நடந்தன. சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2002இல் கறாராகத் தீர்ப்பளித்தது: ஆல்சைமர் சிகிச்சையில் சைக்ளோசெரீனுக்கு இடமில்லை. அதே ஆண்டு ஐரோப்பாவிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் ஆல்சைமர் நோய்க்கு மெமாண்டின் அனுமதி பெற்றது. அது இதே என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் மருந்து. தூண்டினால் குணமாகும் என்ற கருத்து தோற்று, தடுத்தால் ஓரளவு பயன் என்ற முடிவு வென்றது. ஏற்பியின் பெயரைத் தெரிந்துகொண்டதாலேயே நோயைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பயத்தைப் போக்கும் சிகிச்சையில் கதை வேறு திசையில் போனது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிஸின் குழு 2002இல் எலிகளிடம் ஒன்றைக் காட்டியது. பழகிய பயத்தை மறக்கக் கற்கும் நேரத்தில் சைக்ளோசெரீன் கொடுத்தால் அந்தக் கற்றல் வலுப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் மனிதர்களிடம் சோதனை நடந்தது. உயரத்தைக் கண்டு அஞ்சும் 28 பேருக்கு, மெய்நிகர்க் கண்ணாடி மின்தூக்கியில் ஏறும் பயிற்சி இரண்டு அமர்வுகள். அமர்வுக்குச் சில மணி நேரம் முன்பு சிலருக்குச் சைக்ளோசெரீன், சிலருக்கு வெற்று மாத்திரை. மருந்து பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். மூன்று மாதங்களுக்குப் பின்னும் அந்த வித்தியாசம் நின்றது.

பின்னர் பலரும் இதைத் திரும்பச் செய்தார்கள். 2017இல் 21 ஆய்வுகளின் 1,047 பங்கேற்பாளர்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது பயன் இருந்தது, ஆனால் சிறியது. சறுக்கலுக்குக் காரணங்கள் ஓரளவு தெரிகின்றன. தினமும் கொடுத்தால் ஏற்பி பழகிவிடுகிறது. ஒற்றை மாத்திரைக்கு இருந்த சக்தி போய்விடுகிறது. அமர்வு நன்றாக முடிந்தால் மருந்து அந்த நல்ல பாடத்தைப் பதிய வைக்கிறது. பயம் தணியாமலே அமர்வு முடிந்தால் அந்தப் பயத்தையும் பதிய வைக்கக்கூடும். எந்தப் பாடம் நடந்தது என்பதை மருந்து தேர்ந்தெடுப்பதில்லை.

மன அழுத்தத்துக்குக் கிரேன் சொன்னதும் மறுபடி உயிர்பெற்றது. 2013இல் இஸ்ரேலில் மற்ற மருந்துகளுக்கு இணங்காத மன அழுத்தம் கொண்ட 26 பேரிடம் 1000 மில்லிகிராம் வரை உயர்த்திச் சோதித்தபோது பயன் தெரிந்தது. அந்த அளவில் அது ஏற்பியைத் தடுக்கும் பக்கம் சாய்ந்திருக்கும். 2022இல் கனடாவின் கால்கரியில் 50 பேரிடம் வேறு முறை: தலைக்கு மேலிருந்து காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சையோடு 100 மில்லிகிராம் மட்டும். இது தூண்டும் பக்கம். அதிலும் வெற்று மாத்திரையைவிட மேம்பாடு கிடைத்தது. எதிரெதிர் திசையில் இழுத்தும் இரண்டிலும் பயன் என்றால், ஒன்று தற்செயலாக இருக்கலாம், அல்லது இரண்டும் வெவ்வேறு வழியில் ஒரே இடத்துக்குப் போகலாம். இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு முடிவு கட்டுவது அவசரம்.

முடிச்சுப் போடத் தூண்டும் இடம்

இதுவரை சொன்னதைக் கேட்ட சிலருக்கு உடனே ஒரு கேள்வி எழும். கிளமிடியாவையும் மூளை ஏற்பியையும் ஒரே மருந்து தொடுகிறது; அப்படியானால் கிளமிடியாதான் மூளை நோய்க்குக் காரணமோ?

இந்தக் கேள்விக்குத் தனி வரலாறே இருக்கிறது. பிலடெல்பியாவில் பிரையன் பாலின் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆல்சைமர் நோயால் இறந்த 19 பேரில் 17 பேரின் மூளையில் கிளமிடியா நியூமோனியேவின் தடயம் இருந்தது. நோயில்லாத 19 பேரில் ஒருவரிடம் மட்டும். அந்தக் கிருமி நுரையீரலைத் தாக்கும் இனம். பாலுறவால் பரவும் கிளமிடியா டிரக்கோமாட்டிஸோடு அதைக் குழப்பக்கூடாது. பரபரப்பான எண்கள்தான். ஆனால் 1999, 2000ஆம் ஆண்டுகளில் வேறு ஆய்வகங்கள் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை. மிக நுண்ணிய அளவு மரபணுப் பொருளைப் பெருக்கிக் காட்டும் சோதனையில் மாசு கலப்பது எளிது, மாதிரியைத் தவறவிடுவதும் எளிது. இரு தரப்பும் மற்றவரின் முறையைக் குறை சொல்ல இடம் இருந்தது. மூக்கு வழியாகத் தொற்றேற்றப்பட்ட எலிகளின் மூளையில் கிருமி போய்ச் சேர்கிறது என்று 2022இல் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகக் குழு மறுபடி காட்டியிருக்கிறது. எலியில் வழி இருக்கிறது என்பதும் மனிதரில் அதுவே காரணம் என்பதும் வெகுதூரம் தள்ளி நிற்கும் இரு கூற்றுகள்.

மருந்துச் சோதனை இதைவிட நேர்மையான கேள்வி. கனடாவில் 2004இல் 101 ஆல்சைமர் நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று மாதம் கொடுத்தபோது ஆறாவது மாதத்தில் சரிவு சற்றுக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் கிளமிடியாத் தடயத்தில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை என்பதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை. 400க்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2013இல் வெளியான பெரிய சோதனையில் பயன் எதுவும் இல்லை. இதய நோயிலும் இதே பாதைதான். 1988இல் ஃபின்லாந்திலிருந்து கிளமிடியா எதிர்ப்பொருளுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு என்று செய்தி வந்தது, 2005இல் 4,012 பேருக்கு ஓராண்டு வாரந்தோறும் அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. அந்தச் சோதனையை நடத்தியவர் தாமஸ் கிரேஸ்டன். கிளமிடியா நியூமோனியேவை அடையாளம் கண்டு உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. தான் கண்டெடுத்த கிருமியின்மீது சுமத்தப்பட்ட குற்றம் நிரூபணமாகவில்லை என்று அவரே வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சைக்ளோசெரீனை இந்த வழக்கில் சாட்சியாக அழைக்க முடியாது. ஆல்சைமர் நோயாளிக்கு அது பயன் தந்திருந்தால்கூட, ஏற்பியால் வந்த பயனா, கிருமி அடங்கியதால் வந்த பயனா என்று பிரித்தறியவே முடிந்திருக்காது. இரு இலக்கு கொண்ட மருந்து சாட்சிக் கூண்டில் ஏறினால் இரு தரப்புக்கும் சாதகமாகத்தான் பேசும். பாக்டீரியாவின் நொதிக்கும் நம் ஏற்பிக்கும் பொதுவாக இருப்பது டி-அலனினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு குழிவு மட்டுமே. அந்தக் குழிவு இரு நோய்களுக்கு இடையே பாலம் ஆகிவிடாது.

இன்றைய நிலை

ஆய்வகக் கதை எப்படிப் போனாலும், சைக்ளோசெரீனை உண்மையில் விழுங்குகிறவர்கள் பெரும்பாலும் மருந்தெதிர்ப்புக் காசநோயாளிகள்தான். அந்த நோயின் சுமை உலகிலேயே இந்தியாவில் அதிகம். பெடாகுயிலின், லினிசோலிட், லீவோஃப்ளாக்சசின், குளோஃபாசிமின் ஆகியவற்றோடு சைக்ளோசெரீனும் சேர்ந்து 18 முதல் 20 மாதம் போகும் மாத்திரைத் திட்டத்தில் இருப்பவர்களின் வீட்டார் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், யாரோ பேசுவதுபோல் கேட்பதாகச் சொல்வது, வாழ்வில் பிடிப்பற்ற பேச்சு ஆகியவை நோயின் சலிப்பு என்று தள்ளிவிடக்கூடியவை அல்ல. மருந்தின் வேலையாக இருக்கலாம். உடனே சிகிச்சை மையத்தில் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. பெரும்பகுதி மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இரத்தத்தில் தேங்கும். குடிப்பழக்கம் வலிப்பின் ஆபத்தைக் கூட்டும். பைரிடாக்சின் மாத்திரையைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடக்கூடாது.

அமெரிக்காவில் இந்த மருந்து ஒருமுறை செய்தித்தாளின் முதல் வரிசைக்கு வந்தது, அதுவும் விலையால். 2015இல் உரிமையை வாங்கிய ரோடெலிஸ் என்ற நிறுவனம் 30 மாத்திரையின் விலையை 500 டாலரிலிருந்து 10,800 டாலராக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் உரிமை பழைய இடத்துக்கே திரும்பியது. அறுபது வயதான மருந்துக்கு இப்படியொரு விலை வைக்கலாம் என்று எண்ணத் துணிவு வேண்டும்.

2022இல் உலக சுகாதார நிறுவனம் பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் கொண்ட ஆறு மாதச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2024இல் இந்திய அரசும் அதை ஏற்றது. அதில் சைக்ளோசெரீன் இல்லை. குறுகிய சிகிச்சைக்குத் தகுதி பெறாதவர்களுக்கு மட்டும் நீண்ட திட்டம் தொடரும். அவர்களோடு சைக்ளோசெரீனும் தொடரும். காசநோய் மருந்தாக அதன் இடம் இப்படிச் சுருங்கிவரும் வேளையில், என்எம்டிஏ ஏற்பியின் ஒரு குறிப்பிட்ட துணைவகையில் அது கிளைசீனையும் விஞ்சித் தூண்டுகிறது என்று தெரியவந்திருப்பதால், மூளை ஆய்வாளர்கள் அதைக் கைவிடும் நிலையில் இல்லை.